விரல் மனப்பாடம்

பெடல் ஸ்டீல் கிதார் கற்பவர்களிடையே ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நூறு 'லிக்'குகளை விரலில் ஏற்றிக்கொண்டவன் வாசிப்பாளன், ஐந்நூறை ஏற்றிக்கொண்டவன் கலைஞன் என்பதே அது. லிக் என்பது நான்கைந்து வினாடிகளில் முடிந்துவிடும் சிறு இசைச்சொற்றொடர். அவற்றைத் தொகுத்து, எண் இட்டு, விலை வைத்து விற்பதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையின் அடிப்படை நம்பிக்கையை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். மறுப்பதற்கு உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், எங்கள் குழுவில் ஒருவர் வேலை நிமித்தம் டென்னசியில் குடியிருந்து ஆறாண்டுகள் இக்கருவியோடு மல்லுக்கட்டியவர்; மற்றவர்கள் அவர் அனுப்பிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டே செவி பழகியவர்கள். இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பஞ்சாயத்து எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். தேமா, புளிமா வாய்பாட்டை மனப்பாடம் செய்தவரெல்லாம் வெண்பாப் புலவர் ஆகிவிடுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இது அந்நிய வழக்கு அன்று.

கருவியைப் பார்த்திராதவர்களுக்குச் சில சொற்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் 1889 வாக்கில் பள்ளி மாணவராயிருந்த ஜோசப் கெகுகு, கிதாரின் தந்திகளை விரலால் அழுத்துவதற்குப் பதில் ஓர் இரும்புத் துண்டை அவற்றின் மேல் வழுக்கவிட்டு வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்குப் பின் அந்த ஒலி அமெரிக்கா எங்கும் பரவிற்று. பிறகு மின்சாரம் வந்தது, கால்கள் முளைத்தன, அடியில் மிதிகள் சேர்ந்தன. இன்று அது ஒரு குறுகிய மேசையைப் போல நிற்கிறது. வாசிப்பவர் அதன் முன் அமர்கிறார். இடக்கையில் உருளை வடிவ எஃகு. வலக்கையில் கட்டைவிரலுக்கு ஒன்றும் மற்ற இரு விரல்களுக்கு இரண்டுமாக மூன்று மீட்டு நகங்கள். இடக்கால் மிதிகளின் மேல், வலக்கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிதியின் மேல். இரு முழங்கால்களுக்கும் பக்கவாட்டில் நெம்புகோல்கள். வீணையின் மெட்டுகளைப் போன்றவை இதில் இல்லை. மெட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு வரையப்பட்டிருக்கும். கோடு கண்ணுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவே. சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதற்குச் செவி ஒன்றே சாட்சி.

இனி வழக்குக்கு வருவோம்.

லிக்குகள் பெரும்பாலும் 'டேப்' எனப்படும் குறியீட்டில் எழுதப்படுகின்றன. பத்துத் தந்திகளுக்குப் பத்து வரிசை. எந்தத் தந்தியில் எத்தனையாவது மெட்டு என்பதற்கு எண். எந்த மிதி, எந்த நெம்புகோல் என்பதற்கு எழுத்து. எண்ணைப் பார்த்து எஃகை வைத்து, எழுத்தைப் பார்த்து மிதித்தால் ஒலி வந்துவிடும். வரத்தான் செய்கிறது. முதன்முறையாக அந்த ஒலி தன் கைக்குக் கீழிருந்து எழும்போது கற்பவருக்கு ஏற்படும் பரவசத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் நண்பர் அன்றிரவு உறங்கவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் அக்குறியீடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மிதியை வெடுக்கென்று அழுத்துவதா, மெல்ல இறக்குவதா என்பதை அது சொல்வதில்லை. ஒலியளவு மிதி எப்போது விரிய வேண்டும், வலக்கையின் அடிப்பாகம் எந்தத் தந்தியை எப்போது தொட்டு அடக்க வேண்டும் என்பனவும் அதில் இல்லை. இக்கருவியில் ஒரு தந்தியை மீட்டுவதைக் காட்டிலும் மீட்டியதை உரிய நேரத்தில் அடக்குவது கடினம். அடக்கத் தெரியாதவன் கையில் எல்லா ஒலிகளும் ஒன்றன் மேல் ஒன்று வழிந்து சேறாகிவிடும். டேப்பில் மௌனத்துக்கு இடமில்லை.

இவற்றைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கேட்டுத் திருத்திக்கொள்ள முடியும். எங்கள் முதன்மைக் குற்றச்சாட்டு வேறு. டேப் காரணத்தை மறைக்கிறது.

ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்ப்போம். ஈ நைன்த் என்னும் புழக்கமான சுருதியமைப்பில் ஐந்தாம் தந்தி பி, ஆறாம் தந்தி ஜி ஷார்ப். இரண்டுக்கும் இடையே மூன்று அரைச்சுரங்கள். முதல் மிதியை அழுத்தினால் ஐந்தாம் தந்தி இரண்டு அரைச்சுரம் உயர்கிறது. இரண்டாம் மிதியை அழுத்தினால் ஆறாம் தந்தி ஓர் அரைச்சுரம் உயர்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இடைவெளி நான்கு அரைச்சுரம் ஆகிவிடும். இப்போது ஜி மேஜர் ஸ்கேலை இவ்விரு தந்திகளிலும் ஜோடியாக ஏறுமுகமாக வாசிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொடக்கப் புத்தகமும் தரும் விடை இது: மூன்றாம் மெட்டில் மிதியின்றி, அதே மூன்றில் மிதியோடு, ஐந்தில் மிதியோடு, எட்டில் மிதியின்றி, பத்தில் மிதியின்றி, பத்தில் மிதியோடு, பதின்மூன்றில் மிதியின்றி. விடு, அழுத்து, அழுத்து, விடு, விடு, அழுத்து, விடு. தொலைபேசி எண்ணைப் போல இதை மனப்பாடம் செய்து வாழ்நாள் முழுதும் வாசித்துக்கொண்டிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் இந்த ஏழு படிகளுக்கும் பின்னால் ஒரே ஒரு செய்தி இருக்கிறது. ஸ்கேலின் ஒவ்வொரு சுரத்தின் மீதும் ஒன்று விட்டு அடுத்த சுரத்தை வைத்தால் சில இடங்களில் இடைவெளி மூன்று அரைச்சுரமாகவும் சில இடங்களில் நான்காகவும் அமையும். மூன்று வரும் இடத்தில் பாதம் ஓய்கிறது, நான்கு வரும் இடத்தில் அழுத்துகிறது. அவ்வளவுதான். இதை உணர்ந்தவனுக்கு எண்கள் தேவையில்லை. ஸ்கேலைப் பாடத் தெரிந்தால் பாதம் தானே பின்தொடரும். வேறொரு ஜோடித் தந்தியில் அதே மெலடியைத் தேடவும் வழி பிறக்கும். எண்ணை மட்டும் உருப்போட்டவனுக்கோ தந்தி மாறினால் எல்லாம் மாறிற்று. அவன் இன்னொரு லிக்கை வாங்க வேண்டும். சந்தைக்கு அதுதானே வேண்டும்?

இன்னும் ஒன்று. ஒரே ஜி மேஜர் கார்டு மூன்றாம் மெட்டில் மிதியின்றிக் கிடைக்கும். பத்தாம் மெட்டில் இரு மிதிகளோடு கிடைக்கும். ஆறாம் மெட்டில் முதல் மிதியோடு ஈ தந்திகளை அரைச்சுரம் உயர்த்தும் நெம்புகோலைச் சேர்த்தாலும் கிடைக்கும். மூன்று வீடுகள், அதே குடும்பம். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு எந்த வழியாகப் போவது என்பதுதான் இக்கருவியில் மெலடி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி. லிக் தொகுப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பாதைகளின் துண்டுகளே. பாதை எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லாமல் பத்தடி மண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள்.

வரலாற்றைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். வெப் பியர்ஸ் பாடி 1954இல் நாடறிந்த 'ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் ஒலித்துக்கொண்டிருக்கும் தந்திகளை மிதியால் உயர்த்தினார். அதற்கு முன்னும் மிதி வைத்த கருவிகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் சுருதியமைப்பை மாற்றிக்கொள்ளவே பயன்பட்டன. ஐசக்ஸின் கையில், காலில் என்று சொல்ல வேண்டும், அந்த மாற்றமே இசையாயிற்று. ஒரு சுரம் அசையாமல் நிற்க, அதனருகே மற்ற இரு சுரங்கள் நகர்ந்து புதிய கார்டாகத் திரள்கின்றன. நின்ற சுரம் நின்றபடியே புதிய குடும்பத்தில் வேறு உறவு பெறுகிறது. கேட்ட ஸ்டீல் வாசிப்பாளர்கள் பலர் தங்கள் கருவிகளுக்குத் தாங்களே மிதி கட்டிக்கொண்டார்கள். பிறகு பட்டி எம்மன்ஸ் அந்த ஒற்றை அசைவை இரண்டு மிதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். இரு சுரங்களும் தனித்தனியே நகர முடிந்தது. ஸ்கேலின் இடைவெளிகளை நிரப்ப இரண்டு தந்திகளையும் சேர்த்தார். இவை ஒவ்வொன்றும் ஓர் இசைச் சிக்கலுக்குக் கண்ட விடை. இன்று அதே விடை 'தொடக்கநிலை லிக் ஒன்று' என்ற பெயரில் வருகிறது. கேள்வி காணாமல் போய்விட்டது.

எங்கள் நண்பருக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுகளில் அவர் சேர்த்த லிக்குகள் இருநூற்றுக்கும் மேல். கணினியில் தனிக் கோப்புறை, அதனுள் வேகவாரியாகவும் கார்டுவாரியாகவும் உட்பிரிவுகள். ஒரு ஞாயிறு மாலை, ஊர்க்காரர்கள் கூடிப் பாடும் ஓரிடத்தில், ஸ்டீல் வாசிப்பவர் வராததால் இவரை அமர்த்தினார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மெதுவான வால்ட்ஸ் ஒன்றைப் பாடத் தொடங்கினார். நண்பர் கோப்புறையின் நூற்றுப் பதினான்காம் எண்ணை எடுத்தார், சரியாகவே வாசித்தார், சுருதி பிசகவில்லை. பிறகு அறுபத்திரண்டு, அதன்பின் எண்பது. அம்மாளின் குரல் போகப் போகத் தணிந்தது. பாட்டு முடிந்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இடைவேளையில், பேஸ் வாசித்த முதியவர் காப்பிக் கோப்பையோடு அருகில் வந்தமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தப் பாட்டில் செத்துப்போனது யார், தெரியுமா?

தெரியவில்லை. பாட்டில் ஒருவர் இறந்திருக்கிறார் என்பதே இவருக்குத் தெரியாது. சொற்கள் வந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இவர் அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதை நாங்கள் ஒரு தனிமனிதரின் தடுமாற்றமாகக் கருதவில்லை. நாட்டார் சாயலுள்ள அந்த அமெரிக்கக் கண்ட்ரி இசையில் ஸ்டீல் கிதாரின் வேலை என்ன? பாடுபவர் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் அவ்வரிக்கு ஒரு மறுமொழி சொல்வது. அடுத்த வரி தொடங்கும் முன் ஒதுங்கிவிடுவது. லாயிட் கிரீன் சார்லி பிரைடுக்கு வாசித்ததைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1968இல் டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்திலுள்ள பேந்தர் ஹாலில் பதிவான நேரடி இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. கிரீனின் சொற்றொடர்களை அதிலிருந்து பெயர்த்தெடுத்து டேப்பாக எழுதியவர்கள் உண்டு. பெயர்த்தெடுத்ததில் பிரைடின் குரல் இல்லை. ஒருவர் பேச, மற்றவர் 'உம்' கொட்டிக் கேட்கும் உரையாடலில் 'உம்'களை மட்டும் தொகுத்து வெளியிட்டது போன்ற காரியம் அது.

வேறொரு மரபையும் நோக்குவோம். ஹவுஸ் ஆஃப் காட் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கத் திருச்சபையில் 1930களின் இறுதியிலிருந்தே ஸ்டீல் கிதார் வழிபாட்டுக் கருவி. ட்ரோமன் ஈசன், வில்லி ஈசன் சகோதரர்கள் தொடங்கிவைத்தது. வில்லி ஈசன் பாடகர்களின் குரலையும் பேச்சையும் ஒற்றைத் தந்தியில் பின்பற்றினார். கிதார் பேசுகிறது என்று மக்கள் சொன்னார்கள். பிற்காலத்தில் சக் கேம்பல் போன்றோர் பெடல் ஸ்டீலை அங்கே கொண்டுவந்தார்கள். ராபர்ட் ராண்டால்ஃப் அங்கிருந்து வெளியுலக மேடைகளுக்கு வந்தார். 1990களில் ஒலித்தட்டுகள் வெளிவரும்வரை சபைக்கு வெளியே இம்மரபை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அங்கே இளையோர் முதியோரின் அருகில் அமர்ந்து, சபை எழும்போது எழுந்து, போதகரின் குரல் தணியும்போது தணிந்து கற்றார்கள். அவர்களிடமும் மீண்டும் மீண்டும் வரும் சொற்றொடர்கள் உண்டு. ஏராளமாக உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வழிபாட்டில் எந்தத் தருணத்துக்கு உரியது என்பதைச் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்கு மிக அணுக்கமான ஒருவரே குறுக்கிட்டார். நம் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் என்னவாம்? அவையும் சொல்லற்ற, உணர்வற்ற கோலங்கள்தானே? அவற்றை உருப்போட்டுத்தானே வித்வான்கள் உருவானார்கள்? நியாயமான கேள்வி. ஆயினும் ஒரு வேறுபாட்டை அவர் கவனிக்கத் தவறுகிறார். எந்த வித்வானும் கச்சேரியில் ஜண்டை வரிசையைப் பாடிக் கைதட்டல் வாங்குவதில்லை. அது தொண்டைக்கும் விரலுக்கும் ஆன பயிற்சி. பயிற்சி என்றே பெயர் சொல்லிக் கற்பிக்கப்படுகிறது. மேடையேறும் முன் கரைந்துவிடுகிறது. லிக் அப்படியன்று. அது மேடையில் பிறந்த பேச்சு. அதைப் பயிற்சி என்ற பெயரில் விற்று, கற்றவன் அப்படியே மேடையில் ஒப்பிக்கும்படி செய்கிறார்கள். லிக்குக்கு இணையாக நம் மரபில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ராகத்தின் 'பிடி'யைச் சொல்லலாம். இரண்டு மூன்று சுரங்களில் ராகம் முகம் காட்டிவிடும் அந்தப் பிடிகளைப் பட்டியலிட்டு உருப்போட்டு யாராவது ராக ஆலாபனை செய்துவிட முடியுமா? கீதமும் வர்ணமும் கீர்த்தனையும் பாடிப் பாடித்தான் பிடி எங்கே விழ வேண்டும் என்று தெரிகிறது. கோட்டுவாத்தியத்தில் தந்தியின் மேல் கட்டையை வழுக்கி வாசிப்பவர்களுக்கும், 1960களில் ஹவாய்ப் பாணிக் கிதாரை மடியில் கிடத்தி இந்துஸ்தானி இசை வாசித்த பிரிஜ் பூஷண் காப்ராவுக்கும், வாய்ப்பாட்டே அளவுகோலாக இருந்தது. வழுக்கு இசை குரலைத் துரத்தும் இசை. குரலை விட்டுவிட்டு எஃகை மட்டும் துரத்துவது வீண்.

எதிர்முகாமிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாங்கள் ஆதரவாளர்கள் அல்லர். கோலங்களைப் பயில்வதே படைப்பூக்கத்தைக் கொன்றுவிடும், உள்ளத்தில் இருப்பது தானாகக் கையில் வரும் என்று சொல்கிற நம் நவீன கவிதை அன்பர்களைத்தான் குறிப்பிடுகிறோம். அவர்களை ஒருமுறை இக்கருவியின் முன் அமர்த்திப் பார்க்க ஆசை. இரு கைகள், இரு பாதங்கள், இரு முழங்கால்கள். ஆறும் தனித்தனி வேலை செய்யவேண்டும். முழங்கால் கால் வினாடி தாமதித்தால் கார்டு கோணிக்கொள்ளும். உள்ளத்தில் இருப்பது வெளியே வரும் முன் ஓராயிரம் முறை உடம்பு அதே பாதையில் போய் வந்திருக்க வேண்டும். சூசன் ஆல்கார்னை அவர்கள் கேட்க வேண்டும். 2025 ஜனவரியில் மறைந்த அவர், டெக்சாசின் கண்ட்ரி இசைக்குழுக்களில் ஆண்டுக்கணக்கில் வாசித்து, அந்த மரபின் கோலங்களையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து மெசியானையும் பியாசொல்லாவையும் கட்டற்ற மனோதர்மத்தையும் நோக்கி நடந்தவர். கோலத்தைத் தாண்ட முதலில் அது காலுக்குக் கீழே இருக்க வேண்டும். இதற்கு மேல் இவர்களோடு வாதிட எங்களுக்குப் பொறுமையில்லை.

லிக் வியாபாரிகள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவும் விருப்பமில்லை. வின்னி வின்ஸ்டனும் பில் கீத்தும் 1975இல் எழுதிய பாடப்புத்தகத்தில் டேப் உண்டு. கூடவே சுருதியமைப்பு ஏன் இப்படி, மிதி ஏன் இங்கே என்ற விளக்கங்களும் உண்டு. அருகில் ஆசிரியர் இல்லாத ஊர்களில் பலருக்கு அதுவே குருவாயிருந்தது. குறியீடு தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நாஷ்வில்லிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் வேறு எப்படித்தான் தொடங்குவார்? விளக்கத்தை உதறிவிட்டு எண்களை மட்டும், அதுவும் 'முப்பது நாளில் முப்பது லிக்' என்று விற்பவர்களோடுதான் எங்கள் சண்டை. கற்பவர் என்றென்றும் கற்பவராகவே, அதாவது வாங்குபவராகவே, இருப்பதில்தான் அவர்களுக்கு ஆதாயம்.

அப்படியானால் எப்படித்தான் பயில்வது என்று கேட்பவர்களுக்கு, எங்கள் நண்பர் இப்போது செய்வதைச் சொல்கிறோம். ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறார். முதலில் கருவியைத் தொடாமல், சொல்லோடு, வெட்கப்படாமல் பாடுகிறார். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தாளில் குறிக்கிறார். பிறகு மெலடியை ஒற்றைத் தந்தியில், மிதியே இல்லாமல், எஃகை வழுக்கியே வாசிக்கிறார். அதன்பின் இரு தந்திகளில். அதன்பின் அந்த மூன்று வீடுகளிலும் ஒவ்வொன்றாக. இதற்கே வாரங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகுதான் எம்மன்ஸோ கிரீனோ அதே பாட்டின் இடைவெளியில் என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். அப்போது அது லிக்காகக் காதில் விழுவதில்லையாம். இவர் சொல்ல நினைத்துத் தடுமாறிய ஒன்றை வேறொருவர் அழகாகச் சொல்லிவிட்டது போல் இருக்கிறதாம். ஓராண்டில் ஏழு பாட்டுகள் ஆயின.

இக்கட்டுரையின் வரைவை அவருக்கு அனுப்பினோம். பெரும்பாலும் உடன்பட்டார். ஆனால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டேன் என்று நாங்கள் எழுதியிருந்த வரியை நீக்கச் சொன்னார். அழிக்கவில்லையாம். அதில் நாற்பத்தொன்றாம் எண் எந்தப் பாட்டின் எந்த வரிக்கு மறுமொழி என்பது சென்ற மாதம்தான் தெரியவந்ததாம், மற்றவற்றுக்கும் தேடிக்கொண்டிருக்கிறாராம்.